சீன எழுத்தில் ஒரு சின்னம்: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு திறனாய்வு

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் குடும்பங்களிடையே தொண்டாற்றிவரும் சிறியதொரு கிறிஸ்தவ அமைப்பு, தனக்கென ஒரு சின்னத்தை வகுத்துக்கொள்ள முற்பட்டு, அதன் வரைவை நமது கருத்துக்கென அனுப்பியிருந்தது. அமைப்பின் பெயரை இங்குக் குறிப்பிட வேண்டிய தேவையில்லை. வரைவு எளிமையானது. ஒரு வட்டம், வட்டத்தினுள் தூரிகையால் எழுதியது போன்ற தோற்றத்தில் ஒரு சீன எழுத்து, அதன்கீழ்ச் சிவப்பு நூலிழை ஒன்று, இழையின்கீழ் அமைப்பின் பெயர் தமிழில். உடன் வந்த விளக்கக் குறிப்பு மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு நீண்டிருந்தது. அவ்வெழுத்தின் ஒலி ‘யீ’ என்றும், பொருள் நீதி என்றும், அதன் மேற்பாதி ஆட்டைக் குறிக்கும் எழுத்து என்றும், கீழ்ப்பாதி ‘நான்’ என்பதைக் குறிக்கும் எழுத்து என்றும், ஆகவே ஆட்டுக்குட்டியானவர் என்னை மூடியிருக்கையில் நான் நீதிமானாகிறேன் என்னும் நற்செய்தி கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சீன எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்றும் அக்குறிப்பு கூறியது. வாலிபர் முகாமொன்றில் கேட்ட அருளுரையிலிருந்து இக்கருத்தைப் பெற்றதாக அதனை வரைந்தவர் எழுதியிருந்தார்.

இவ்வருளுரையை நம்மில் கேளாதவர் அரியர். நம்மில் சிலர் அதனைச் செய்துமிருக்கிறோம். ஆகவே பின்வரும் திறனாய்வு அவ்வமைப்பினரை நோக்கியதைவிட நம்மையே நோக்கியது எனக் கொள்வதே முறையாகும்.

சீன எழுத்துகளைப் பிரித்து அவற்றினுள் வேதாகமச் செய்திகளைக் காணும் முயற்சி புதியதன்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சீனத்தில் பணியாற்றிய இயேசு சபையாருள் பூவே, பிரேமார் முதலியோர் பண்டைச் சீன நூல்களிலும் எழுத்துகளிலும் கிறிஸ்தவ மறைபொருள் உருவகமாக மறைந்திருப்பதாக வாதிட்டனர். அவர்களை ‘உருவகவாதிகள்’ என்றே வரலாறு அழைக்கிறது. நம் காலத்தில் இக்கருத்தை மீண்டும் பரப்பியது காங், நெல்சன் என்னும் இருவர் எழுதி 1979இல் அமெரிக்க லூத்தரன் பதிப்பகமொன்று வெளியிட்ட நூலாகும். ஆதியாகமத்தின் செய்திகள் சீன எழுத்துகளில் ஒளிந்துள்ளன என்பதே அதன் வாதம். கப்பல் என்பதற்குரிய எழுத்தில் ‘எட்டு’ம் ‘வாயு’ம் இருப்பதால் அது நோவாவின் பேழையிலிருந்த எட்டுப் பேரைச் சுட்டுகிறது என்பது போன்ற விளக்கங்கள் அன்று முதல் பிரசங்கக் குறிப்பேடுகளில் இடம்பெற்றுவிட்டன. நம் நாட்டிலும் திருக்குறளினுள் கிறிஸ்தவ மறைபொருளைத் தேடிய முயற்சி 1970களில் எத்துணைக் கிளர்ச்சியை எழுப்பியது என்பதை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். பிறருடைய செல்வத்தைப் பெருந்தன்மையோடு பாராட்டுவதாகத் தொடங்கி, அது முதலிலேயே நம்முடையதுதான் என்று முடிப்பது இம்முயற்சிகள் யாவற்றிலும் காணப்படும் போக்கு.

இனி எழுத்தை நோக்குவோம். ‘யீ’ என்னும் எழுத்தின் மேற்பகுதி ஆடு என்பதில் ஐயமில்லை. சிக்கல் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. அது இன்று ‘வோ’ என்று ஒலிக்கப்பட்டு ‘நான்’ என்று பொருள்படுவது உண்மையே. ஆனால் அதன் மிகப் பழைய வடிவம் ஒரு மனிதனின் வடிவமன்று. பல்லுடைய அலகு கொண்ட ஓர் ஆயுதத்தின் வடிவம். ‘நான்’ என்னும் சொல்லுக்குத் தனி எழுத்து இல்லாமையால், ஒலி ஒத்திருந்த காரணத்தால் அவ்வாயுத எழுத்து கடன்வாங்கப்பட்டது. ‘யீ’ என்னும் எழுத்திலும் அது ஒலியைக் காட்டவே நிற்கிறது என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. ஆட்டுக்கொம்பு போன்ற அணி பூண்ட, சடங்குக்குரிய ஆயுதத்தின் வடிவம் என்று கருதுவோரும் உளர். கி.பி. 100ஐ ஒட்டித் தம் அகராதியைத் தொகுத்த சூ ஷென் இவ்வெழுத்தை ‘ஆடு’, ‘நான்’ என்று பிரித்தே காட்டுகிறார். ஆயினும் அவர் அதற்குத் தரும் பொருள் ஒருவர் தம்மைத் தாங்கிக்கொள்ளும் கண்ணியமான தோற்றம் என்பதாகும். அவரும் பலியையோ மூடுதலையோ பேசவில்லை. எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் கீறப்பட்ட மிகப் பழைய எழுத்துகள் 1899இல்தான் அறிஞர் கவனத்துக்கு வந்தன என்பதால், அவர் அவற்றைக் கண்டிருக்கவும் வழியில்லை. கப்பலைப் பற்றிய விளக்கமும் இத்தகையதே. அங்கு ‘எட்டு வாய்’ எனப்படும் பகுதி ஒலிக்குறிப்பாக நிற்பது. எண்ணிக்கையைச் சொல்ல வந்ததன்று.

இன்னொன்றையும் கூற வேண்டும். 1956இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது ‘யீ’ என்பதன் 13 கோடுகள் மூன்றாகக் குறைந்தன. ஆடும் போயிற்று, நானும் போயிற்று. இன்று நாஞ்சிங் நகரில் அமிட்டி அச்சகம் அச்சிடும் வேதாகமங்களில் சீனக் கிறிஸ்தவர்கள் ரோமருக்கு எழுதின நிருபத்தைப் படிக்கையில், நீதி என்னும் சொல் ஆடில்லாத அம்மூன்று கோடுகளாகவே அவர்கள் கண்முன் நிற்கிறது. அதனால் அவர்களுடைய விசுவாசத்தில் ஏதும் குறைந்ததாகத் தெரியவில்லை. தமிழிலும் 1978இல் அரசாணையால் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகள் தம் பழைய துதிக்கையை இழந்தன. அத்துதிக்கையின்மேல் எவரேனும் இறையியலைக் கட்டியிருந்தால் அவர் அன்று பெரிதும் இடர்ப்பட்டிருப்பார்.

நடுநிலை தவறாதிருக்க ஒன்றை ஒப்புக்கொள்வோம். நன்மை, அழகு, மங்கலம் ஆகிய பொருள்தரும் சீன எழுத்துகளிலும் ஆடு இடம்பெறுகிறது. பண்டைச் சீனத்தில் ஆடு பலிப்பொருள். ஆகவே ஆட்டுக்கும் உயர்ந்தவற்றுக்கும் அம்மக்கள் மனத்தில் ஏதோவோர் உறவு இருந்திருத்தல் கூடும். இதனை ஒரு போதகர் உவமையாகக் காட்டினால் நாம் குறைகூற மாட்டோம். உவமை வேறு, சான்று வேறு. உவமை என்று சொல்லிக் காட்டுவதற்கும், சீனர் தம்மையறியாமலே நற்செய்தியை எழுதிவைத்தனர் என்று சாதிப்பதற்கும் இடையிலுள்ள தொலைவு, திருமறைப் பொருள்கோளில் விளக்கத்துக்கும் கருத்தேற்றத்துக்கும் இடையிலுள்ள தொலைவேயாகும். பழைய ஏற்பாட்டு வகுப்பில் நாம் மாணவரிடம் கண்டிக்கும் பிழையை முகாம் மேடையில் நாமே செய்தல் தகாது.

ஆனால் இவ்வரைவின் குறை சொல்லிலக்கணத்தோடு முடிந்திருக்குமாயின் இத்துணை விரிவாக எழுதியிருக்க மாட்டோம். சீன அறிஞர் மென்சியஸ் ‘யீ’யைப் பற்றிக் கூறுவது நோக்கத்தக்கது. தகாததைக் கண்டு நாணும் உணர்ச்சியே ‘யீ’யின் முளை என்பது அவர் கருத்து. அதாவது, ஒருவன் தனக்குரியதல்லாததை எடுத்துக்கொள்ள நாணுவதும், பிறர்க்குரியதை மறுக்க நாணுவதும் அச்சொல்லின் இயல்பான எல்லைக்குள் அடங்கும். இது ஆமோஸ் தீர்க்கதரிசியின் நீதிக்கு மிக அணித்தானது. சீனத்தார் தாமே அச்சொல்லில் கண்ட இச்செல்வத்தை ஒதுக்கிவிட்டு, அவர்கள் கண்டிராத ஒன்றை அதில் ஏற்றி, அதையும் ‘நான்’ என்னும் தனிமனிதனின் மீட்பாகச் சுருக்கியிருக்கிறோம். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உயிர்நாடி. அதை மறுக்க நாம் எழுதவில்லை. நெசவாளரிடையே தொண்டாற்றும் ஓர் அமைப்பு நீதி என்னும் சொல்லைத் தன் நெற்றியில் எழுதிக்கொள்ளும்போது, பார்ப்பவர் அதில் எதைப் படிப்பார் என்பதே நம் கேள்வி.

காஞ்சிபுரத்தில் அக்கேள்விக்குக் கனமுண்டு. பட்டுத் தொழிலில் முன்பணம் என்பது பழைய சொல். தறிக்காரர் வணிகரிடமும், கூலிக்கு வருவோர் தறிக்காரரிடமும் முன்பணம் பெறுவர். வாங்கிய பணம் தீரும்வரை வேறிடம் செல்ல இயலாது. கூலியிலிருந்து அது தீர்வதும் எளிதன்று. இம்முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் அமர்த்தப்பட்ட நிலையை, மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் இந்தியப் பட்டுத் தொழில் பற்றி வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் உள்ளிட்டு விவரித்தது. பள்ளிகளும் சட்டமும் தொண்டர்களின் உழைப்பும் நிலைமையைப் பெரிதும் மாற்றியுள்ளன. ஆயினும் அவ்வமைப்பின் அன்றாடப் பணி இன்றும் கடன், கூலி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அவர்கள் காலையில் தறிக்குழியருகே அமர்ந்து பேசும் நீதி ஒன்று. அவர்களது கடிதத்தாளின் தலையில் நிற்கும் நீதி மற்றொன்று. இரண்டும் ஒன்றாகாது என்பதன்று நம் கருத்து. ஒன்றாக்கும் பணியை அச்சின்னம் செய்யவில்லை. மாறாக, முதலாவதை மறைத்துவிடுகிறது.

ஆடையை நெய்யும் ஊரில் திருமறையே நீதியை ஆடையாக உருவகித்திருப்பது அவர்கள் நினைவுக்கு வராதது வியப்பாயிருக்கிறது. ஏசாயா 61:10ஐ எடுத்துக்கொண்டிருந்தால் ‘மூடுதல்’ என்னும் கருத்தும் இழந்திருக்க வேண்டியதில்லை. அதோடு, நெய்கிறவர் வீட்டுப் பெண்கள் தாம் நெய்த பட்டை உடுத்துவது எத்துணை அரிது என்னும் உறுத்தலான கேள்வியும் உடன் எழுந்திருக்கும்.

இங்கு ஒரு மறுப்பை எதிர்பார்க்கலாம். ஆதித் திருச்சபையின் மீன் சின்னமும் ஒரு விடுகதைதானே? இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர் என்னும் பொருளுடைய ஐந்து கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து மீன் என்னும் கிரேக்கச் சொல்லாவதை அறியாதவருக்கு அது வெறும் மீனே. அங்கே ஏற்றுக்கொண்டதை இங்கே ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கலாம். விடை எளிது. அவ்விடுகதை அதைப் பயன்படுத்தியோரின் சொந்த மொழியில் அமைந்தது. கிரேக்கம் பேசிய மீன் விற்பவளும் அதை அவிழ்க்கக் கூடும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் எவரும் ‘யீ’யைத் தாமே அவிழ்க்க மாட்டார். ஒவ்வொரு முறையும் அருகில் நின்று பொருள் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த படித்தவராயிருப்பார். விளக்குவோரின்மேல் மக்களை என்றென்றும் சார்ந்திருக்கச் செய்யும் சின்னம் சீர்திருத்தத் திருச்சபைக்குப் பொருந்துமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்துக்கலை என்ற நிலையிலும் வரைவு குறையுடையது. சீன எழுத்துக்கலை கண்ணுக்கு மட்டும் உரியதன்று. எந்தக் கோடு முதலில், எது பின்னர், தூரிகை எங்கே அழுந்த வேண்டும், எங்கே எழ வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டவை. மாணவன் முன்னோர் எழுதியதை ஆண்டுக்கணக்கில் பார்த்தெழுதிய பின்னரே தனக்கென ஒரு நடையைப் பெறுகிறான். எழுத்தில் எழுதியவனின் மூச்சும் பண்பும் தெரியும் என்பது அம்மரபின் நம்பிக்கை. வரைவிலிருந்த எழுத்தோ அச்செழுத்தொன்றைப் பார்த்துத் தூரிகை போலத் தோன்றுமாறு தீட்டப்பட்டது. நாம் எண்ணிப் பார்த்தபோது 12 கோடுகளே இருந்தன. கீழ்ப்பகுதியின் மேல் வலப்புறத்துப் புள்ளி விடுபட்டிருந்தது. அதாவது ‘நான்’ குறைப்பட்டிருந்தான்! சீனம் அறிந்த ஒருவர் அதைக் காண்பாராயின், தமிழில் கால் விடுபட்ட சொல்லைக் கோயில் முகப்பில் கண்டால் நமக்கு எப்படியிருக்குமோ அப்படியிருக்கும்.

சின்னத்தைப் பட்டில் நெய்து ஆராதனையில் தொங்கவிட வேண்டுமென்பது அவர்கள் திட்டம். ஆகவே வரைபடத்தாளில் கட்டங்களாக மாற்றி ஜக்கார்டு அட்டை குத்தும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுசென்றனர். நாமும் உடன் சென்றோம். அவர் தாளை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இத எழுத்துன்னு போடறதா, புட்டான்னு போடறதா?” என்று கேட்டார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று வினவியதற்கு, “எழுத்துன்னா ஒரு இழை தப்பக்கூடாதுங்க. புட்டான்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்” என்றார். நாம் மேலே பல பத்திகளில் கூற முயன்றதை அவர் தம் தொழில்மொழியில் இரண்டே வாக்கியங்களில் கூறிவிட்டார். எழுத்தென்றால் படிக்கப்பட வேண்டும். படிப்பார் இல்லாத இடத்தில் எழுத்து புட்டாவாகிவிடுகிறது. அழகான புட்டாவாக இருக்கலாம், ஆனால் அதன்பின் அது நீதியைப் பற்றி ஏதும் சொல்வதாகக் கருத இயலாது.

இதனால் சீன எழுத்து கிறிஸ்தவச் சின்னத்துக்கு ஆகாது என்று கொள்ளலாகாது. ஹாங்காங்கில் சாட்டின் குன்றின்மேல் தாவோ ஃபோங் ஷான் என்னும் மையம் இருக்கிறது. நார்வே நாட்டு அருட்பணியாளர் கார்ல் லுட்விக் ரைக்கெல்ட் பௌத்தத் துறவிகளோடு உரையாடவென 1930இல் அதனை நிறுவினார். சீன மரபைத் தழுவிய அதன் கட்டடங்களை டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரிப்-மோலர் வடிவமைத்தார். தாமரைமேல் நிற்கும் சிலுவை அதன் சின்னம். குன்றின் விளிம்பில் ஓங்கி நிற்கும் பெரிய வெண்சிலுவையின்மேல் இரண்டு சீன எழுத்துகள் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. யோவான் 19:30இல் ஆண்டவர் சிலுவையில் கூறிய அச்சொல்லின் சீன வடிவம் அது. அங்கே எழுத்தை எவரும் பிரிக்கவில்லை, அதனுள் எதையும் தேடவில்லை. சொல் சொல்லாகவே நிற்கிறது. மலையேறி வரும் சீனர் எவரும் படிக்கலாம். மையத்தின் பெயரிலுள்ள ‘தாவோ’ என்பதும் அவ்வாறே. சீன வேதாகமம் யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் ‘வார்த்தை’ என்பதற்கு அச்சொல்லையே ஆள்கிறது. 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக அருட்பணி மாநாட்டையொட்டி வெளிவந்த கட்டுரைத் தொகுதியில், கிரேமரின் கடுமையான நிலைக்கு மாறாக, யோவான் நற்செய்தி வழியான அணுகுமுறைக்காக ரைக்கெல்ட் வாதாடினார். அவருடைய இறையியலில் நாம் ஒப்பாதவை உண்டு. ஆனால் அவர் சொற்களோடு நேர்மையாக நடந்துகொண்டார்.

காஞ்சிக்கும் சீனத்துக்கும் உள்ள உறவு இவ்வமைப்பினர் எண்ணியதைவிட மிகப் பழையது. பட்டே சீனத்தின் கொடை; வடமொழியில் பட்டுக்கு வழங்கிய ‘சீனாம்சுகம்’ என்னும் பெயரே அதற்குச் சான்று. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்து அதன் விகாரங்களைப் பற்றி எழுதினார். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று சீனத் துறைமுகமான குவான்சௌவில் தமிழெழுத்தையும் சீன எழுத்தையும் ஒரே கல்லில் தாங்கி நிற்கிறது. அது அங்கிருந்த தமிழ் வணிகர்களின் சிவன் கோயிலைச் சார்ந்தது. தளபதி செங் ஹ காலிக்குக் கொணர்ந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்லிலும் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. நமக்கு மிக வேண்டிய செய்தி கி.பி. 720ஐச் சார்ந்தது. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் இராசசிம்மன் சீனப் பேரரசுக்கென ஒரு கோயில் எழுப்பி, அதற்கொரு பெயர் எழுதித் தருமாறு பேரரசரை வேண்டினான் எனத் தாங் அரசின் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பேரரசரும் ஒரு பெயரை அருளினார். நன்னெறிக்குத் திரும்பச் செய்வது என்று அப்பெயரைப் பொருள்கொள்கின்றனர். ஆனால் சீன அரசவையின் வழக்கில் அத்தொடர் அயலார் பேரரசின் நாகரிகத்துக்குப் பணிந்து வருவதையும் குறிக்கும். சமய நிறுவனமொன்றுக்குச் சீன எழுத்தில் அடையாளம் கேட்ட முதல் காஞ்சியார் இராசசிம்மனே எனலாம். எழுத்தோடு எழுதியவரின் பொருளும் உடன் வந்தது.

அதே இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றிலுள்ள சிற்றாலயங்களில் அவனுடைய விருதுப் பெயர்கள் கொடியும் வளைவுமான அலங்கார எழுத்துகளில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருப்பதை ஊரார் பலரும் கண்டிருப்பர். கல்லில் உளி செய்த அந்த எழுத்துக்கலை எந்தத் தூரிகைக்கும் இளைத்ததன்று. அதைக் காண அமைப்பினரின் அலுவலகத்திலிருந்து மிதிவண்டியில் செல்லலாம்.

அப்படியானால் உள்ளூர்ச் சின்னத்தை எடுத்துக்கொண்டால் போதுமா? அதுவும் அத்துணை எளிதன்று. 1947 செப்டம்பர் 27இல் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை சிலுவையையும் தாமரையையும் இணைத்துத் தன் சின்னமாக்கி, யோவான் 17:21ஐ அதைச் சுற்றி எழுதிக்கொண்டது. தாமரைமேல் சிலுவை நம் மண்ணில் அன்று பிறந்த கற்பனையன்று. பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட பஹ்லவி எழுத்துச் சிலுவையின் அடியில் இதழ்கள் விரிகின்றன; கி.பி. 781இல் சீனத்துச் சியானில் நடப்பட்ட கிழக்குச் சிரியத் திருச்சபையின் கல்லின் தலையிலும் சிலுவை தாமரைமேலேயே நிற்கிறது. இத்துணைத் தொன்மை இருந்தும், 1980இல் தோன்றிய அரசியல் கட்சியொன்று தாமரையைத் தன் தேர்தல் சின்னமாகக் கொண்ட பின்னர், கிராமச் சபைகளில் போதகர்கள் இச்சின்னத்தைப் பற்றிக் கேள்விகளைச் சந்திக்கின்றனர். தலித் இறையியலாளரோ அதற்கும் அப்பால் சென்று, உயர்சாதி மரபின் சின்னங்களால் யாருடைய பண்பாட்டைத் திருச்சபை தழுவிக்கொண்டது என்று கேட்டனர். 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு மதுரை அரசரடியிலிருந்து பறையையும், ஊரார் சேர்ந்து பொங்கும் ஒரே உலையையும் முன்வைத்தது இக்கேள்வியின் விளைவே. செங்கற்பட்டு, காஞ்சிப் பகுதியின் கிராமச் சபைகளில் பெரும்பாலோர் எந்த மக்கள் என்பதை அறிந்தவருக்கு அக்கேள்வி புத்தகக் கேள்வியன்று.

அமைப்பின் செயலரிடம் இவற்றைக் கூறியபோது, அவர் வேறொன்றை முன்வைத்தார். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனியாக நெய்யப்பட்டு, வரிக்கு வரி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் இருவர் வேண்டும். ஒழுங்காகக் கோத்த கரை, புடவை கிழிந்தாலும் பிரியாது என்பர். இதையே சின்னமாக்கலாமே என்றார் அவர். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை எண்ணி நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எவர் விளக்கமும் வேண்டாத சின்னம். ஊரில் ஒவ்வொருவர் கையும் அறிந்த சின்னம்.

அட்டை குத்தும் பெரியவர் மீண்டும் பேசினார். மறுபக்கத்து நாடாவை வாங்கித் திருப்பிவிட அக்காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் சிறுபிள்ளைகள்தாம் என்றார். தாமே ஏழு வயதில் அவ்விடத்தில் உட்கார்ந்ததாகவும், தம் தகப்பனார் வாங்கிய முன்பணம் தம் திருமணத்துக்குப் பின்னரே தீர்ந்ததாகவும் கூறினார். அவர் குரலில் குறை எதுவுமில்லை. தறியின் அமைப்பை விளக்குபவர் போலவே சொன்னார்.

சின்னங்களை எவரும் வேண்டுமென்று ஆக்கிவிட முடியாது, அவை ஒரு சமுதாயத்தின் ஆழத்தில் பிறக்கின்றன, காலம் மாறினால் மடிகின்றன என்று பால் டில்லிக் எழுதினார். அச்சகத்துக்குக் கெடுநாள் குறித்துவிட்ட செயலருக்கு இக்கருத்து அதிக உதவியாயிராது. ஆயினும் கோர்வையைப் பற்றி அது உண்மை என்று கருதுகிறோம். அதில் ஒற்றுமையும் இருக்கிறது. அடகுவைக்கப்பட்ட பிள்ளைப்பருவமும் இருக்கிறது. சிலுவையையும் திருச்சபை முதலில் அழகுப்பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. உரோமரின் கொலைக்கருவி அது. கோர்வையை எடுப்பதாயின் பெரியவர் சொன்னதையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றும், விளக்கக் குறிப்பில் எபேசியரோடு முன்பணமும் எழுதப்பட வேண்டும் என்றும் நாம் கூறினோம். கூட்டத்தில் இருவர் அதை வன்மையாக மறுத்தனர். உதவி அளிப்போர் அதைக் கண்டு முகம் சுளிப்பர் என்பது ஒருவர் கூற்று. தம் குடும்பத்துக் கடனைப் பதாகையில் தொங்கவிடத் தமக்கு விருப்பமில்லை என்பது மற்றவர் கூற்று, அவர் நெசவாளர். இரண்டாவது மறுப்புக்கு நம்மிடம் விடையில்லை.

முடிவு அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை கடிதத்தாளில் அமைப்பின் பெயரும் முகவரியும் மட்டுமே இருக்கும். சீன எழுத்துக்கென வாங்கிய வரைபடத்தாள் பெரியவரிடமே இருக்கிறது; கட்டங்கள் இன்னும் நிரப்பப்படவில்லை.